கச்சான் ஏறிவரும் விளிம்பில்

அன்பான நேயர்களே, வணக்கம்.

மட்டக்களப்பு மண்ணில் பிறந்து வளர்ந்தவருக்கு உயரம் என்பது எளிதில் பிடிபடுவதில்லை. எழுவான்கரையில் நின்றால் ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி; படுவான்கரைக்குப் போனால் வயல்வெளி, அதற்கும் அப்பால் வானத்தோடு ஒட்டினாற்போல் குடும்பிமலை. தூரத்தைப் பார்த்துப் பழகிய நமது கண்ணுக்கு ஆழத்தைப் பார்த்த பழக்கம் இல்லை. கல்யாண வீடுகளிலும் கண்ணகி அம்மன் சடங்குகளிலும் படம் எடுத்துப் பிழைத்துவரும் நானும் அப்படிப்பட்ட ஒருவன்தான். ஹோர்ட்டன் சமவெளியின் தெற்கு ஓரத்தில், "உலக முடிவு" என்று அழைக்கப்படும் செங்குத்துப் பாறை விளிம்பில் கமராவோடு நின்ற ஒரு காலைப்பொழுதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

அங்கே போவதற்கு நமக்குச் செங்கலடியிலேயே பாதை தொடங்கிவிடுகிறது. பதுளை வீதி என்று நாம் நாளாந்தம் சொல்லும் அந்த ஏ5 வீதி கரடியனாறு, மகா ஓயா, பிபிலை, லுணுகலை வழியாக மலை ஏறுகிறது. மாசி மாதத்து நண்பகல் ஒன்றில் நானும் என் அக்காவின் மகனும் புறப்பட்டு, அப்புத்தளையில் இரவு தங்கி, விடியுமுன் ஒகிய பக்கத்து வாயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே உள்ள அந்தச் சமவெளி 1988ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. வாயிலில் பொலித்தீன் எதையும் உள்ளே விடமாட்டார்கள். எங்கள் பிஸ்கட்டுகள் தாள் பைக்கு மாறின. தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருந்த மேலுறைகூட உரிக்கப்பட்டது. ஈரத்திலிருந்து கமராவைக் காக்க நான் கொண்டுபோன பொலித்தீன் பையும் அங்கேயே தங்கிவிட்டதால், அம்மா குளிருக்கென்று தந்துவிட்ட கம்பளிச் சால்வை கமராவுக்குப் போர்வையாயிற்று. குளிரில் மின்கலம் விரைவில் சோர்ந்துவிடும் என்பதால் மேலதிக மின்கலத்தைச் சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வைத்துக்கொண்டேன்.

சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். புல்வெளியில் மரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் படம் எடுக்க நிற்காமல் நேரே நடந்தோம், ஏனென்றால் அந்த விளிம்பில் நேரம் தவறினால் எல்லாம் தவறிவிடும். முதலில் சிறிய உலக முடிவு, அதைத் தாண்டிப் பெரியது. மனிதர் கட்டிய எந்த மேடைக்கும் குறையாத கற்பாறைத் தளம் ஒன்று முன்னே நீண்டு சட்டென்று அறுந்துபோகிறது. கீழே ஏறத்தாழ 870 மீற்றர் பள்ளம் என்று சொல்லப்படுகிறது. நமது கணக்கில் சொல்வதானால், 25 மீற்றர் வளர்ந்த தென்னைகளை ஒன்றின் தலையில் ஒன்றாக 35 வரை நிறுத்த வேண்டும்.

இந்த ஆழம் படத்தில் விழுந்ததா என்று கேட்டால், முதல் இருபது படங்களில் விழவே இல்லை. அகன்ற காட்சியைப் பிடிக்கும் வில்லையைப் போட்டு, முழுப் பள்ளத்தாக்கையும் ஒரே சட்டத்துக்குள் அடக்க நினைத்தது என் பிழை. அவ்வகை வில்லை எதையும் சிறியதாக்கித் தள்ளி வைத்துவிடும்; கால் கூசவைத்த பள்ளம் படத்தில் ஒரு பச்சைப் பாய்போல் தட்டையாகக் கிடந்தது. பின்னர் 200 மில்லிமீற்றர் வில்லையை மாட்டிக் கீழே தேடியபோதுதான் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் ஒன்றின் தகரக் கூரைகள் தீப்பெட்டிகளை அடுக்கினாற்போல் தெரிந்தன. பாறையின் ஓரத்தையும் சட்டத்தில் சிறிது சேர்த்து அந்தக் கூரைகளை எடுத்தேன். அளவு தெரிந்த ஒரு பொருள் படத்துக்குள் வந்த பிறகே பள்ளமும் படத்துக்குள் வந்தது.

காலை ஒன்பது மணியளவில் மூடுபனி ஏறத் தொடங்கியது. வெயில் பட்டுச் சூடாகும் பள்ளத்தாக்குக் காற்று பாறைச் சுவரோடு மேலெழும்போது குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் நுண்துளிகளாகிவிடுகிறது. பத்து மணிக்குப் பிறகு வருபவர்கள் பெரும்பாலும் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். புகார் என்று நாம் சொல்லும் அந்த மூடுபனியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு நமது கச்சான் காற்று நினைவுக்கு வந்தது. ஆனி, ஆடி மாதங்களில் நமது உதட்டை வெடிக்கவைத்து, முற்றத்து மண்ணை வீட்டுக்குள் வாரிக்கொண்டு வரும் அதே தென்மேல் காற்றுத்தான், இந்த மலைகளின் மறுபுறத்தில் ஏறும்போது தன் ஈரத்தையெல்லாம் மழையாகக் கொட்டிவிட்டு, இறங்கும்போது சூடாகி வெறுங்கையோடு நம்மிடம் வந்து சேர்கிறது. நமக்கு வராத தண்ணீர் எங்கே தங்கிவிடுகிறது என்பதை அந்த விளிம்பில் நின்றால் கண்ணால் பார்க்கலாம். மாசி மாதத்தில் அந்தக் காற்று இல்லை. அதனால்தான் விடியற்காலை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. தை முதல் பங்குனி வரையான நாட்களே அங்கே போக நல்லவை என்பது என் எண்ணம்.

புகார் ஏறும் வேளையில் எடுத்த படங்கள் முதலில் சாம்பல் பூத்து வந்தன. வெள்ளை வேட்டி கட்டிய மாப்பிள்ளையை எடுக்கும்போதும் கமரா இதே தவறைத்தான் செய்யும். வெண்மையை மிகை ஒளி என்று எண்ணிக் குறைத்துவிடும். ஒளியை ஒரு படி கூட்டி வைத்ததும் புகார் பால்போல் வந்தது.

இனி, சொல்லக் கூச்சமான ஒன்று. விளிம்பில் நின்ற மருமகனைப் பள்ளத்தோடு சேர்த்து எடுப்பதற்காக, காட்சித் துளையிலிருந்து கண்ணை எடுக்காமலே பின்னுக்கு இரண்டடி வைத்தேன். பாறை ஓரம் அங்கே வளைந்து போவதை நான் கவனிக்கவில்லை. "மாமா, நில்லுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்த அவன் என் தோள்பையின் வாரைப் பிடித்து இழுத்தான். திரும்பிப் பார்த்தபோது விளிம்புக்கு என் குதிகாலிலிருந்து ஒரு முழந்தான் இருந்தது. 2015ஆம் ஆண்டு பெப்ரவரியில், தேனிலவுக்கு வந்த ஒல்லாந்து நாட்டவர் ஒருவர் இதே இடத்தில் தம் மனைவியைப் படம் எடுக்கப் பின்னோக்கி நகர்ந்து விழுந்து, ஏறத்தாழ 40 மீற்றர் கீழே ஒரு மரத்தில் தடைபட்டு உயிர் பிழைத்தார். இராணுவத்தினர் கயிறுகளோடு இறங்கி அவரை மீட்டார்கள். எனக்குக் கீழே மரம் இருந்ததா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. அதன் பிறகு கமராவைக் கீழே இறக்கி, கண்ணால் நிலத்தைப் பார்த்த பின்பே ஓரடி நகர்ந்தேன். ஆட்களை விளிம்பிலிருந்து நாலைந்து அடி உள்ளே அமரவைத்து எடுத்தாலும் பள்ளம் பின்னால் தெரியத்தான் செய்கிறது.

வீட்டுக்கு வந்து படங்களை அம்மாவிடம் காட்டினேன். அகன்ற காட்சிகளை "வடிவாயிருக்கு" என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டுப் போனவர், லயத்துக் கூரைகள் தெரிந்த படத்தில் நின்றுவிட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டு விரலால் தொட்டு, "இந்தா மனெ, ஆரோ சேலை காயப் போட்டிருக்காங்க" என்றார். பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு கூரைகளுக்கு நடுவில், கொடியில் ஒரு சிவப்புச் சேலை தொங்கியது. படத்தை எடுத்த நான் அதைக் கண்டிருக்கவில்லை. இப்போது என் படக் கடையின் முகப்பில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.

நன்றி, வணக்கம்.