பேருல மட்டும் மிச்சம் இருக்குற ஸ்கூலுங்க

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு பேசப்போறது கவுண்டி கான்ஃபரன்ஸ் பத்தி. கான்ஃபரன்ஸ்னதும் ஏசி ஹால், டீ, பிஸ்கட்னு நினைச்சு வந்திருந்தா மன்னிச்சுக்கோங்க, இது வேற. அமெரிக்கால பக்கத்து பக்கத்து ஸ்கூலுங்க சேர்ந்து வருஷா வருஷம் தங்களுக்குள்ள மேட்ச் ஆடிக்கிற கூட்டணிக்கு கான்ஃபரன்ஸ்னுதான் பேரு. இண்டியானா மாநிலத்துல கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) அளவுல இந்த மாதிரி கான்ஃபரன்ஸ் நிறைய இருந்துச்சு, இப்ப பெரும்பாலும் இல்ல.

ரிப்ளி கவுண்டியையே எடுத்துக்கோங்க. சுத்தி சோளக்காடு, ஆனா ஊர் பேரு மிலான், வெர்சேல்ஸ், நெப்போலியன்! (மிலானை அவங்க மைலன்னுதான் சொல்வாங்க, நம்மள திருத்தவும் செய்வாங்க.) டவுன்ஷிப்புக்கு (கவுண்டிக்குள்ள ஒரு சின்னப் பகுதி) ஒரு ஸ்கூல், மொத்தமே நூறு சொச்சம் பசங்க, அமெரிக்கன் ஃபுட்பால் டீமுக்கு ஆள் தேறாது, பாஸ்கெட்பாலுக்கு அஞ்சு பேர் போதும்ல, அதனால அதுதான் ஊரோட உயிரு.

அப்போ மாநில பாஸ்கெட்பால் போட்டில சின்ன ஸ்கூல் பெரிய ஸ்கூல்னு பிரிவே இல்ல. 1954ல 161 பேர் படிச்ச மைலன், அரையிறுதிக்கு முந்தின ரவுண்டுல பின்னாடி பெரிய பாஸ்கெட்பால் ஸ்டாரான ஆஸ்கர் ராபர்ட்சன் இருந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸ் ஸ்கூலையே தாண்டி ஃபைனல் வந்து மன்சி சென்ட்ரல்ங்கிற பெரிய ஸ்கூலை 32-30ன்னு சாய்ச்சுது. கடைசி குவார்ட்டர்ல மைலன் ஆட்டக்காரர் பாபி பிளம்ப் நாலு நிமிஷத்துக்கு மேல பந்தைக் கையில வச்சுக்கிட்டு சும்மா நின்னாரு, இத்தனை செகண்டுக்குள்ள கூடைக்கு எறிஞ்சே ஆகணும்ங்கிற ஷாட் கிளாக் இல்லாத காலம், நிக்கலாம்! அப்புறம் கடைசி செகண்ட்ல அவரே போட்டு முடிச்சாரு.

அந்த ஜெயிப்பு சின்ன ஸ்கூலுங்களைக் காப்பாத்திச்சான்னா, இல்ல. அஞ்சே வருஷத்துல, 1959ல, ஸ்கூல் நிர்வாகங்களை இணைக்கிற சட்டம் வந்துச்சு, சின்ன ஸ்கூலுங்க ஒண்ணோட ஒண்ணு சேர ஆரம்பிச்சுச்சு. லேப் வேணும், டீச்சர் வேணும், நியாயமான காரணம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒரு கவுண்டில ரெண்டு மூணு ஸ்கூல் மட்டும் மிஞ்சினா யாரோட கான்ஃபரன்ஸ் ஆடுறது? மிஞ்சினதுங்க கவுண்டி தாண்டி வேற கூட்டணில சேர்ந்துச்சு, பழசு தானா கலைஞ்சுச்சு. எந்த டீமும் தோத்து இது சாகல, மேட்ச் ஆட எதிராளி இல்லாம செத்துச்சு. 1938ல மாநிலப் போட்டிக்கு 787 ஸ்கூல் வந்துச்சு, 1997ல 400 கூட இல்ல. அதோட பொதுப் போட்டியையே நிறுத்திட்டு சைஸ் பாத்து நாலு பிரிவாக்கிட்டாங்க. பிரிவு வந்தப்போ, யாருக்காகப் பிரிச்சாங்களோ அந்த ஸ்கூலுங்கள்ல பாதி ஏற்கனவே பூட்டியாச்சு.

ரிப்ளில இன்னைக்கும் ஜாக்-சென்-டெல்னு ஒரு ஸ்கூல் இருக்கு. என்ன பேருடா இதுன்னு நானும் முழிச்சேன். ஜாக்சன், சென்டர், டெலவேர், இணைஞ்ச மூணு டவுன்ஷிப். யாரு பேரையும் விட மனசு வரல போல.