ஒரு சிட்டிகை அரிசி: 'பக்கத்து வீடே காவல்' அணிப் பேச்சு

நடுவர் அய்யா, எதிரணி நண்பர்களே, முன்னாடி உக்காந்திருக்கிற பெரியவங்களே, பின்னாடி நின்னுக்கிட்டே கேக்குற தம்பிங்களே, எல்லாருக்கும் வணக்கம். வணக்கம் இதோட போதும். எனக்குக் குடுத்தது பத்து நிமிஷம், எங்கிட்ட இருக்கிறது ஒரு பாட்டி கதை, அதுக்கே எட்டு நிமிஷம் ஆகும்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். இந்தோனேசியாவுல ஒரு குட்டிக் கிராமத்துல உயிருக்கும் உடைமைக்கும் காவல் யாரு, பத்திரமும் பூட்டும் போலீசுமா, இல்ல பக்கத்து வீட்டுக்காரனா? நான் பக்கத்து வீட்டுக்காரன் பக்கம். புத்தகம் படிச்சிட்டு வந்து பேசலைங்க, ரெண்டு வருஷம் அங்க குடியிருந்துட்டு வந்து பேசுறேன். மத்திய ஜாவா, கிளாத்தென் மாவட்டம், ஒரு நூல் மில்லுல மெயின்டனன்ஸ் வேலை, மில்லுக்குப் பின்னாடி இருக்குற கிராமத்துல ஒரு ரூம்.

போய் இறங்கின அன்னிக்கே தெரு முனையில ஒரு போர்டு. வெளியாள் வந்து தங்கினா 24 மணி நேரத்துக்குள்ள தெருத் தலைவர்கிட்ட சொல்லணும்னு எழுதியிருக்கு. அந்தத் தலைவருக்கு 'பாக் எர்தே'னு பேரு. சில பத்து வீடு சேர்ந்தா ஒரு எர்தே, சில எர்தே சேர்ந்தா ஒரு எர்வே, ஜப்பான்காரன் 1940கள்ல அந்த நாட்டைப் பிடிச்சு வச்சிருந்தப்ப ஆரம்பிச்ச ஏற்பாடு, இன்னிக்கும் நடக்குது. நான் பெட்டியைக் கீழ வைக்கிறதுக்குள்ள பாக் எர்தே வந்துட்டாரு. பாஸ்போர்ட்டைப் பாத்தாரு, ஒரு நோட்டுல எழுதிக்கிட்டாரு, அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. "உனக்கு ராக்காவல் எந்தக் கிழமை போடட்டும்?"

வாடகைக்கு வந்தவனுக்கும் காவல் முறை உண்டுங்க. ரோந்தா. வீட்டுக்கு ஒரு ஆள், வாரத்துல ஒரு ராத்திரி. எனக்கு வியாழக்கிழமை.

இப்ப கதைக்கு வர்றேன்.

அந்த ஊர்ல ஒவ்வொரு வீட்டு வாசல் பக்கத்துலயும் சுவத்துல ஒரு ஆணி, ஆணியில ஒரு குட்டிக் கப்பு தொங்கும். சில வீட்ல கொட்டாங்கச்சி, சில வீட்ல தண்ணி பாட்டிலைப் பாதியா வெட்டினது. சாயங்காலம் அந்த வீட்டுக்காரம்மா அதுல ஒரு பிடி கூட இல்ல, ஒரு சிட்டிகை அரிசி போட்டு வைப்பாங்க. ராத்திரி ரோந்து வர்றவங்க டார்ச் அடிச்சு அந்த அரிசியை ஒரு பையில கொட்டிக்கிட்டே போவாங்க. ஜிம்பித்தான்னு பேரு. ஜிம்பித்னா விரல்ல கிள்ளி எடுக்கிறது. அந்த அரிசியை வித்துத்தான் தெரு விளக்கு, காவல் கொட்டகைக்குக் காப்பி, யாராவது படுத்துட்டா ஆஸ்பத்திரிச் செலவு. இப்ப பல ஊர்ல அரிசிக்குப் பதிலா 500 ரூப்பியா காசு போடுறாங்க. எங்க தெருவுல அரிசிதான்.

ஒரு வியாழக்கிழமை, ஜனவரி மாசம், கொட்டுற மழை. நாலு பேரு போறோம். ஒருத்தர் பெரியவர், ரெண்டு பசங்க, நான். எல்லார் தோள்லயும் சாரம். முதல் வீடு, அரிசி இருக்கு, கொட்டியாச்சு. ரெண்டாவது வீடு, இருக்கு. இப்படியே போயி கடைசிக்கு முந்தின வீடு. அங்க ஒரு பாட்டி தனியா இருக்காங்க, ஊரே அவங்களை 'ம்பா'னு கூப்பிடும், ம்பான்னா பாட்டி. நான்தான் டார்ச் அடிச்சேன். கப்பு காலி. மழைத் தண்ணி மட்டும் கொஞ்சம் கிடக்கு.

"மறந்திருப்பாங்க, வாங்க போலாம்"னு பையன் சொல்றான். எனக்கும் அதுதான் தோணுச்சு, மணி ஒன்னரை, நனைஞ்சு போயி நிக்கிறோம். பெரியவர் நகரல. கப்பை எடுத்தாரு, கவுத்தாரு, விரலை உள்ள விட்டுத் தடவிப் பாத்தாரு. "இந்த ம்பா ஒரு நாளும் மறந்ததில்ல"ன்னாரு. கதவைத் தட்டி "குலோ நுவுன்"னாரு, வீட்ல யாருங்கன்னு கேக்குற ஜாவா மரியாதை. பதில் இல்ல. இன்னொரு தடவை. பதில் இல்ல. பின்பக்கமா ஓடினோம். கிணத்தடியில வழுக்கி விழுந்து கிடக்குறாங்க. இடுப்பு எலும்பு போயிருச்சு. சாயங்காலம் விழுந்தவங்க, அரிசி போடறதுக்கு முன்னாடி விழுந்தவங்க, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயி மழையில கிடக்குறாங்க.

நடுவர் அய்யா, அந்த வீட்டுக் கதவுல பூட்டு இருந்துச்சு. எதிரணி சொன்ன பத்திரமும் அந்த வீட்டு அலமாரியில பத்திரமா இருந்துச்சு. ரெண்டும் பாட்டியைத் தூக்கல. ஒரு காலிக் கப்பு தூக்குச்சு.

இப்ப எதிரணியில தம்பி ஒருத்தர் பேசிட்டுப் போனாரு, நல்லாப் பேசினாரு, நீங்களும் கை தட்டினீங்க, நான் பாத்தேன். "மூங்கிலைத் தட்டித் திருடனைப் பிடிக்கிற ஊரு, அது காவலா கச்சேரியா?"ன்னு கேட்டாரு. இதுக்குப் பதில் சொல்லாம நான் இறங்க மாட்டேன்.

தம்பி, கச்சேரின்னா நம்ம பெரியவங்க காலத்துல அரசாங்க ஆபீஸ். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பேரு பாட்டுக் கச்சேரியால வரல. காவல்னு ஒரு வார்த்தை சொன்னீங்களே, அந்த வார்த்தையும் இந்தோனேசியாவுல இருக்கு! 'கவால்'னா அங்க பாதுகாத்துக் கூடப் போறது. பெங்கவால்னா காவலாளி. நம்ம காவல்தான் கப்பலேறிப் போயி கவால் ஆச்சு. நம்ம கடை அங்க கெடாய், நம்ம பெட்டி அங்க பெத்தி, வியாபாரத்துக்குப் போடுற முதல் அங்க மொடால். ஆக காவலா கச்சேரியான்னு கேட்டா, ரெண்டும்தான் தம்பி! (தட்டுங்க, நல்லாத் தட்டுங்க!)

சரி, அந்த மூங்கிலுக்கு வருவோம். கெந்தோங்கான். ஒரு கை நீள மூங்கில் இல்லேன்னா மரக்கட்டை, நடுவுல நீளமா ஒரு கீறல், உள்ள கூடு. காவல் கொட்டகையில தொங்கும். அதுக்குக் கணக்கு இருக்குங்க, பக்கத்துலயே போர்டுல எழுதி மாட்டியிருக்கும். எங்க ஊர்ல ரெண்டு ரெண்டா அடிச்சா திருட்டு. மூணு மூணா அடிச்சா தீ. நாலு நாலா அடிச்சா வெள்ளம், பூகம்பம். அஞ்சஞ்சா அடிச்சா ஆடு மாடு திருட்டு. ஊருக்கு ஊரு கொஞ்சம் மாறும். விடாம படபடன்னு அடிச்சா 'தித்திர்', என்னன்னு கேக்காத, எந்திரிச்சு வான்னு அர்த்தம்.

பாட்டி கதையில நான் ஒரு இடத்தைச் சொல்லாம வச்சிருந்தேன், இந்தத் தம்பிக்காகத்தான் வச்சிருந்தேன். பாட்டி கிடக்குறாங்க. ஆஸ்பத்திரி தூரம். மழையில டவர் போச்சு, நாலு பேரு போன்லயும் சிக்னல் இல்ல. போலீஸ் ஸ்டேஷன் வட்டாரத்துக்கு ஒன்னு, அது இன்னொரு ஊர்ல. என்ன பண்ணுவீங்க? அந்தப் பையன், மறந்திருப்பாங்க போலாம்னு சொன்னானே அதே பையன், சேத்துல வழுக்கிக்கிட்டே கொட்டகைக்கு ஓடினான், தித்திர் அடிச்சான். அந்தச் சத்தம் இருக்கே... மழைச் சத்தத்தைக் கிழிச்சிக்கிட்டு வருதுங்க. ஒவ்வொரு ஜன்னலா விளக்கு எரியுது. காய்கறி லோடு அடிக்கிற பிக்கப் வண்டிக்காரர் சட்டை இல்லாம சாரத்தோட நிக்கிறாரு, ஆனா கையில வண்டிச் சாவி இருக்கு! ஒரு அம்மா பாயைக் கொண்டு வர்றாங்க, இன்னொரு அம்மா போர்வை, ஒருத்தரு தன் வீட்டுக் கதவையே கழட்டிக்கிட்டு வந்துட்டாரு, இடுப்பு எலும்பு அசையாம படுக்க வச்சுத் தூக்கணும்ல. எதிரணி பூட்டுப் போடச் சொன்ன அதே கதவுங்க!

அடுத்து அக்கா ஒருத்தர், பிடிபட்ட திருடனைக் கூட்டமா சேர்ந்து அடிக்கிறாங்களேன்னு கேட்டாங்க. நடக்குது. உயிரே போயிருக்கு. அது பாவம், அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். எங்க பாக் எர்தே மாசக் கூட்டம் தவறாம சொல்லுவாரு, பிடி, உக்கார வை, போலீசுக்குச் சொல்லு, கை வைக்காதன்னு. அதைச் சொல்றவரும் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

பத்திரத்தைப் பத்தி ஒரே வார்த்தை. 1960லயே நிலச் சட்டம் வந்தாச்சு, ஆனா ஏகப்பட்ட கிராமத்து நிலத்துக்குச் சர்டிபிகேட் இல்லாம கிராம ஆபீஸ் நோட்டுல இருக்குற பேருதான் ஆதாரம்னு ஓடிச்சு. 2017ல இருந்து அரசாங்கமே ஊர் ஊரா வந்து மொத்தமா அளந்து குடுக்குது, நல்ல விஷயம், நான் குறை சொல்லல. நான் பாத்த அளவையில என்ன நடந்துச்சு தெரியுமா? அளக்கிறவர் வந்து நின்னதும், நாலு பக்கத்து வயல்காரங்களையும் கூப்பிட்டாங்க. இதுதான் எல்லைன்னு அவங்க நின்னு காட்டணும், ஒத்துக்கணும், கையெழுத்துப் போடணும். பத்திரம் பிறக்கிறதே பக்கத்து வீட்டுக்காரன் கையில. அப்புறம் என்ன போட்டி!

மணியைப் பாக்குறீங்க அய்யா, தெரியுது, இன்னும் ரெண்டே நிமிஷம்.

சுமத்ராத் தீவோட வடக்கு முனையில இருக்குற மாகாணம் ஆச்சே. அதுக்கு மேற்க கடல்ல சிமெலுவேன்னு ஒரு தீவு. 1907ல அங்க கடல் ஊருக்குள்ள வந்து ஜனங்களை வாரிக்கிட்டுப் போச்சு. பிழைச்சவங்க அதுக்கு 'ஸ்மோங்'னு பேரு வச்சாங்க. பூமி பலமா ஆடி, கடல் உள்வாங்கினா, ஸ்மோங் வரும், மலைக்கு ஓடு. இதைப் பாட்டிங்க பேரப் பிள்ளைகளுக்குக் கதையாச் சொன்னாங்க, தாலாட்டாப் பாடினாங்க. கிட்டத்தட்ட நூறு வருஷம் பாடினாங்க. 2004 டிசம்பர் 26 காலையில பூமி ஆடுச்சு. பூகம்பம் கிளம்பின இடம் அந்தத் தீவுக்கு ரொம்பப் பக்கம், அலை வர பத்து நிமிஷம் கூட இல்ல. சைரன் இல்ல, எச்சரிக்கை இல்ல, இந்தியப் பெருங்கடலுக்கே அன்னிக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்ல. தெருவுல ஒருத்தர் "ஸ்மோங்"னு கத்தினாரு, கேட்ட அடுத்தவர் கத்தினாரு, கிழவியைத் தூக்கிக்கிட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளையையும் தூக்கிக்கிட்டு மலைக்கு ஓடினாங்க. ஏறக்குறைய 78,000 பேரு இருந்த தீவுல செத்தது 7 பேரு.

அதே அலை தாங்க. அதே காலையில நம்ம நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல. கடல் உள்ள போச்சுன்னு நம்ம பிள்ளைங்க மீன் பொறுக்க ஓடுச்சுங்க. ஓடாதடான்னு கத்த நம்ம தெருவுல அந்த ஒரு வார்த்தை இல்லையே அய்யா. எந்தப் பாட்டியும் நமக்குப் பாடி வைக்கலையே.

...மன்னிச்சுக்கங்க, தண்ணி வேணாம், முடிச்சிடறேன்.

எங்க ம்பா மூணு வாரம் கழிச்சு வீட்டுக்கு வந்தாங்க. வாக்கரைப் பிடிச்சு நடக்குறாங்க. அன்னிக்கு வியாழக்கிழமை, என் முறை. போயி டார்ச் அடிக்கிறேன், கப்பு ரொம்பி வழியுது. கீழ சுவத்தோரமா இன்னொரு டப்பா, அதுலயும் அரிசி. ஜன்னல்ல இருந்து குரல் வருது. "இருபத்தோரு நாள் பாக்கி தம்பி, எண்ணித்தான் போட்டிருக்கேன், எடுத்துக்க."

வணக்கம்.