ஒரு பேரரசிக்காகப் பிறந்த எழுத்து

நேயர்களுக்கு வணக்கம். சீன அகராதிகளில் ‘ஜாவ்’ என்று ஒலிக்கும் ஓர் அரிய எழுத்து உண்டு. அது ஒரே ஒருவரின் பெயரை எழுதுவதற்கென்றே ஆக்கப்பட்டது. வானொலியில் எழுத்தைக் காட்ட வழியில்லாததால் அதன் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மேலே கதிரவனைக் குறிக்கும் எழுத்தும் நிலவைக் குறிக்கும் எழுத்தும் அருகருகே நிற்கும். அவற்றின் கீழே வெட்டவெளி என்று பொருள்படும் எழுத்து இருக்கும். கதிரவனும் நிலவும் இணைந்தால் சீனத்தில் ஒளி என்று பொருள். ஆகவே, வான்வெளிக்கு மேல் நின்று ஒளிர்வது என்று இதனைப் படிக்கலாம். ‘ஒளிர்தல்’ என்னும் பொருளுடைய பழைய எழுத்தின் ஒலியையே இதற்கும் கொடுத்தார்கள்.

அந்தப் பெயருக்குரியவர் வூ சேத்தியன். 690இல் தாங் மரபை விலக்கி, சௌ என்னும் புதிய மரபை அறிவித்து, பேரரசர் என்ற பட்டத்தையே சூடிச் சீனாவை ஆண்ட ஒரே பெண் அவர். அதற்குச் சற்று முன்னர், 689இன் இறுதியில், அவருடைய உறவினரும் அரசவை அதிகாரியுமான சோங் சின்கே, வானம், நிலம் முதலிய 12 எழுத்துகளைப் புதிதாக வடித்து அவருக்குக் காணிக்கையாக்கினார். ‘ஜாவ்’ என்பதை அரசி தமக்கே பெயராக்கிக்கொண்டார். ஆள்பவரின் பெயரொலியைப் பிறர் வழங்கலாகாது என்பது அந்நாட்டு வழக்கம். அரச ஆணையைக் குறித்த சொல்லும் அதே ஒலியுடையதாக இருந்ததால், அதற்கு மாற்றாக வேறொரு சொல் புழக்கத்துக்கு வந்தது.

‘நாடு’ என்னும் எழுத்தின் கதை இன்னும் சுவையானது. ஒரு கட்டத்துக்குள் வூ என்னும் குடும்பப்பெயரை வைத்து நாடு என்று எழுதலாம் என்று ஒருவர் யோசனை கூறினாராம். கட்டத்துக்குள் மனிதன் இருந்தால் அது ‘கைதி’ என்னும் எழுத்தாயிற்றே என்று இன்னொருவர் எச்சரிக்க, வூவை நீக்கிவிட்டு எட்டுத் திசைகள் என்னும் சொல்லை உள்ளே வைத்தார்களாம். தாங் காலத் துணுக்குத் தொகுப்பு ஒன்றில் வரும் இச்செய்தியை அப்படியே வரலாறாகக் கொள்ள நான் தயங்குவேன். ஆயினும் எழுத்தின் வடிவத்தில் நற்குறி, தீக்குறி தேடிய அரசவையை அது நன்கு காட்டுகிறது.

705இல் அரசி பதவி இழந்ததும் தாங் மரபு மீண்டது. எழுத்துகளும் பழைய வடிவுக்குத் திரும்பின. எனினும் ‘எட்டுத் திசை நாடு’ கடல் கடந்தும் வாழ்ந்தது: 17ஆம் நூற்றாண்டின் ஜப்பானியப் பிரபு தோகுகாவா மித்சுகுனியின் பெயரில் அவ்வெழுத்தே உள்ளது. கொரியாவின் புல்குக்சா ஆலயக் கோபுரத்தில் 1966இல் கிடைத்த பௌத்த அச்சுச் சுருளிலும் இவ்வகை எழுத்துகள் சில காணப்படுகின்றன. அச்சுருளின் காலம் பற்றிய விவாதத்தில் ஆய்வாளர்கள் முதலில் எடுத்துவைக்கும் சான்றுகளுள் அவையும் அடங்கும்.

‘ஜாவ்’ எழுத்தை அரசியின் காலத்துப் பொருளிலேயே காண வேண்டுமானால், 1982இல் ஹெனான் மாநிலத்துச் சோங் மலையில் ஓர் உழவர் கண்டெடுத்த பொற்தகட்டைப் பார்க்கலாம். தம் பாவங்களைப் போக்குமாறு தெய்வங்களை வேண்டி, 700ஆம் ஆண்டில் அரசி அம்மலையில் இடச்செய்த தகடு அது. விண்ணப்பதாரரின் பெயராக அதில் ‘வூ ஜாவ்’ என்றே பொறிக்கப்பட்டுள்ளது.