தொப்பியில் இருப்பது ஊர்தான்!

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணித் தலைவர் அவர்களே, சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட பிறகும் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் தமிழ்ச் சங்கச் சொந்தங்களே, வணக்கம்.

'அமெரிக்கச் சிறு லீக் பேஸ்பால் அணிகளின் சின்னங்கள் மக்களைக் கவர்வது வணிக உத்தியாலா, ஊர்ப் பாசத்தாலா?' இதுதான் தலைப்பு. வணிக உத்திதான் என்று தலைவர் அடித்துப் பேசினார். கை தட்டியவர்களை நான் பார்த்துக்கொண்டேன். அதில் ஒருவர் தலையில் டர்ஹம் ஊர்ச் சிறு லீக் அணியான டர்ஹம் புல்ஸ் தொப்பி இருக்கிறது. அண்ணே, அந்தக் காளை எங்கள் கட்சி.

பேஸ்பால் பக்கமே போகாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மேலே பெரிய லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு, ஆக 120 சிறு அணிகள். கீழே ஆடும் பையனுக்குச் சம்பளம் கொடுப்பது மேலே இருக்கும் பெரிய அணி. அவனை எந்த ஊருக்கு அனுப்புவது என்பதும் அவர்கள் முடிவுதான். ஜூன் மாதம் உங்கள் ஊரில் பந்தை விளாசிக்கொண்டிருப்பவன், ஜூலையில் போய்ப் பார்த்தால் இருக்க மாட்டான். மேலே கூப்பிட்டிருப்பார்கள். சரியாக ஆடாவிட்டாலும் இருக்க மாட்டான், அது வேறு கதை. பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுக்கும் வீடு மாதிரிதான் இந்த அணிகள். அப்புறம் ஊருக்கென்று என்ன மிஞ்சுகிறது? மைதானம், பெயர், தொப்பியில் இருக்கும் அந்தப் படம். அவ்வளவுதான். 'விற்க வேறு ஒன்றும் இல்லை, அதனால்தான் படத்தை விற்கிறார்கள்' என்று தலைவர் சிரித்தார். வாங்குகிறவருக்கும் வேறு ஒன்றும் இல்லை ஐயா! பிடித்து வைத்துக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான்.

வணிகம்தான் காரணம் என்றால் 1896-க்கு என்ன பதில்? ஒஹாயோவில் டொலீடோ என்ற ஊர். சதுப்பு நிலத்தை ஒட்டிய மைதானத்தில் ஆடினார்கள். சுற்றிலும் நீர்க்கோழிகள். நம் ஊர் ஏரியில் கறுப்பு உடம்பும் நெற்றியில் வெள்ளை நாமமுமாக மிதக்குமே, நாமக்கோழி, அதன் அமெரிக்கப் பங்காளி. அந்த அணிக்கு 'மட் ஹென்ஸ்' என்று பெயர் விழுந்துவிட்டது, சேற்றுக் கோழிகள். இன்றும் அதே பெயர், தொப்பியில் அதே கோழி. சிங்கம், புலி, கழுகு எல்லாம் இருக்க, எந்த வணிக ஆலோசகர் 1896-இல் உட்கார்ந்து 'கோழி போடுங்கள், நன்றாக விற்கும்' என்று சொல்லியிருப்பார்?

பென்சில்வேனியாவுக்கு வாருங்கள். அங்கே ஆலன்டவுனில் 2008-இல் ஓர் அணி வந்தது, லீஹை வேலி அயர்ன்பிக்ஸ். இரும்புப் பன்றிகள். தொப்பியில் ஒரு பன்றித் தலை. தலைவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், நீங்களும் சிரித்தீர்கள். அந்தப் பன்றி எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் கேளுங்கள். உலையிலிருந்து உருகிய இரும்பு இறங்கும்போது, மணலில் ஒரு நீள வாய்க்கால் வெட்டி அதில் விடுவார்கள். அந்த வாய்க்காலிலிருந்து பக்கவாட்டில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் பிரியும். மேலிருந்து பார்த்தால் தாய்ப் பன்றி படுத்திருக்க, குட்டிகள் வரிசையாகப் பால் குடிப்பது போலவே இருக்கும். அதனால் அந்தக் குழியில் ஆறிய இரும்புக்கு ஆங்கிலத்தில் 'பிக் அயர்ன்', பன்றி இரும்பு என்று பெயர். அதைத் திருப்பிப் போட்டதுதான் அணியின் பெயர். பக்கத்து ஊர் பெத்லஹேம். கோல்டன் கேட் பாலத்துக்கு உருக்கு கொடுத்த பெத்லஹேம் ஸ்டீல் ஆலை இருந்த ஊர். 1995-இல் அங்கே உருக்கு வார்ப்பது நின்றது. 2001-இல் நிறுவனமே திவாலானது. உலை அணைந்து பதின்மூன்று வருடம் கழித்து ஒரு பன்றி வருகிறது. தாத்தா உலையில் வேலை பார்த்திருப்பார், பேரன் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போவான். அதைப் பார்த்து அவர் சிரிக்க மாட்டார், அதில் இருப்பது அவர் வார்த்த இரும்பு.

'வரைந்தது யார்?' என்று தலைவர் ஒரு அணுகுண்டு வீசினார். சரி, பதுங்காமல் ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பன்றி, டெக்சஸில் எல் பாசோ ஊர் அணியின் சிவாவா என்ற குட்டி நாய், கனெக்டிகட்டில் ஹார்ட்ஃபோர்டு ஊர் அணியின் ஆடு எல்லாமே சான் டியாகோவில் இருக்கும் பிராண்டியோஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கைவண்ணம். ஜேசன் க்ளைன், கேசி வைட் என்ற இரண்டு சிறுவயது நண்பர்கள் நடத்துவது. சில சின்னங்களில் கோபப் புருவமும் பல்லைக் கடிப்பதும் ஒரே மாதிரி இருக்கிறது என்பதும் உண்மைதான், எனக்கே சலிப்பாக இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வீடு கோலம் போட ஒரே அக்காவைக் கூப்பிட்டால் தெரு அக்காவுடையது ஆகிவிடுமா? ஹார்ட்ஃபோர்டின் 'யார்டு கோட்' நிஜ ஆடே இல்லை. ரயில் நிலைய யார்டில் பெட்டிகளை இழுத்து மாற்றும் குட்டி எஞ்சினுக்கு ரயில்வேக்காரர்கள் வைத்த செல்லப் பெயர். அந்தப் பெயரை ரயில்வேக்காரர்கள் முன்னாலேயே வைத்துவிட்டார்கள், நிறுவனம் அதற்குக் கொம்பு வைத்து வரைந்தது.

எல் பாசோவில் 2013-இல் 'சிவாவாஸ்' என்று அறிவித்ததும் ஊரே கொதித்தது, மாற்றச் சொல்லி மனு போட்டார்கள் என்றார் தலைவர். போட்டார்கள். பக்கத்து ஊர் அணிக்கு என்ன பெயர் வைத்தால் நமக்கென்ன, யாராவது மனு போடுவார்களா? கொஞ்ச நாளில் அதே ஊர்க்காரர்கள் அதே நாய்த் தொப்பியோடு மைதானத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சிவாவா பாலைவனத்தில் குடியிருந்துகொண்டு எத்தனை நாள் அந்த நாயை வேண்டாம் என்பது?

நியூ ஆர்லியன்ஸ் 'பேபி கேக்ஸ்' இருக்கிறதே, அது எங்கள் கட்சிக்குக் கொஞ்சம் இடிக்கும் கேஸ்தான். கார்னிவல் காலத்தில் அங்கே கிங் கேக் வெட்டுவார்கள். உள்ளே ஒரு குட்டி பிளாஸ்டிக் பொம்மைக் குழந்தை. யார் துண்டில் வருகிறதோ அவர்தான் அடுத்த கேக் வாங்க வேண்டும். அருமையான ஊர் வழக்கம். 2017-இல் அந்தக் குழந்தைக்குக் கிரீடம் வைத்து, கையில் மட்டை கொடுத்து, முறைக்க வைத்தார்கள். நாடே அந்தப் படத்தைப் பற்றிப் பேசியது. உத்தி அமோக வெற்றி! ஆனால் மைதானம் நிரம்பவில்லை, 2019-உடன் அணி கான்சஸில் இருக்கும் விச்சிட்டாவுக்குக் கிளம்பிவிட்டது. அதற்கு மைதானம், ஒப்பந்தம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் கேட்கிறேன் தலைவரே, உத்தி மட்டும் போதும் என்றால் இந்தக் குழந்தை ஏன் ஊரை விட்டுப் போனது?

மான்ட்கோமரி பிஸ்கட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. டீயில் நனைக்கும் நம் பிஸ்கட் இல்லை. அலபாமாவில் பிஸ்கட் என்றால் சூடாக, மெத்தென்று, பிட்டால் ஆவி வரும். அதன் சின்னத்தில் பிஸ்கட்டுக்குக் கண் உண்டு, வாய் உண்டு, நாக்கு இருக்கும் இடத்தில் ஒரு வெண்ணெய்த் துண்டு. மைதானத்தில் பீரங்கி வைத்து நிஜ பிஸ்கட்டைக் கூட்டத்துக்குள் சுடுகிறார்கள். அந்த நாக்கைப் பார்த்ததும் பாட்டி வீட்டு அடுப்பு ஞாபகம் வர, வாங்குகிறவர் அலபாமாவில் வளர்ந்திருக்க வேண்டும்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். கடைசியாக ஒன்று. டென்னசியில் சட்டநூகா என்ற ஊர், பக்கத்தில் லுக்அவுட் என்ற மலை. அணியின் பெயர் லுக்அவுட்ஸ். போன கோடையில் வாங்கிய தொப்பி இதோ பையில் இருக்கிறது. பாருங்கள், ஆங்கில 'சி' எழுத்து, அதற்குள் இரண்டு கண்கள், வேறு எதுவும் கிடையாது. கடையில் என் மகள் இதைப் பார்த்துவிட்டு, நம் ஊரில் புது வீட்டு வாசலில் திருஷ்டிக்கு மாட்டுவது மாதிரியே இருக்கிறது என்றாள். இதை உங்கள் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறேன் ஐயா. தீர்ப்பு எழுதி முடிக்கும் வரை உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். நன்றி, வணக்கம்.