டிசைன் வேலைக்கு லேப்டாப்: கிராஃபிக்ஸ் கார்டு முக்கியமா, ஆன்சைட் சர்வீஸ் முக்கியமா?

அடுத்த கேள்வி, சிவகாசியில இருந்து ஒரு தம்பி: "காலண்டர், கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்றேன். கோரல்டிராவும் போட்டோஷாப்பும்தான் வேலை. பட்ஜெட் 65 ஆயிரம். ஒரே விலைல ரெண்டு பாத்து வச்சிருக்கேன். ஒண்ணுல ஆர்டிஎக்ஸ்னு தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கு, ஆனா சர்வீஸுக்கு மதுரைக்குத் தூக்கிட்டுப் போகணும். இன்னொண்ணுல தனி கார்டு இல்ல, ஆன்சைட் வாரண்டி, அதாவது ரிப்பேருக்கு ஆளே வீட்டுக்கு வர்ற வாரண்டி இருக்கு. எதை எடுக்க?"

தம்பி, நீங்க சொல்ற வேலைக்கு ரெண்டாவது போதும். 3டியோ கனமான வீடியோ எடிட்டிங்கோ இல்லாதப்ப கார்டுக்குக் குடுக்கற காசு வீண். 16 ஜிபி ரேம் இருக்கா, பின்னாடி ஏத்த ஸ்லாட் இருக்கா, இல்ல ரேம போர்டுலயே சால்டர் பண்ணி வச்சிருக்கானா, அதக் கேளுங்க.

அதவிட முக்கியம் ஸ்க்ரீன். ஸ்பெக் ஷீட்ல டிஸ்ப்ளேங்கற வரியில '45% என்டிஎஸ்சி'ன்னு போட்டிருந்தா எடுக்காதீங்க. என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி ரெண்டும் ஸ்க்ரீன் எவ்வளவு நிறம் காட்டும்னு சொல்ற அளவுகள். எஸ்ஆர்ஜிபி கணக்குல அது 60 சதவீதத்த ஒட்டித்தான் வரும். குங்குமச் சிவப்பு அதுல வெளுத்துப்போய் செங்கல் நிறமாத் தெரியும். சிவப்பு பத்தலையேன்னு நீங்க டிசைன்ல மெஜந்தா மையோட அளவ ஏத்துவீங்க. பிரஸ்ல அடிச்சு வந்தா அரக்கு நிறமா நிக்கும். '100% எஸ்ஆர்ஜிபி'ன்னு இருக்கறத மட்டும் பாருங்க. இந்த பட்ஜெட்ல கார்டு போட்ட நிறைய மாடல்ல ஸ்க்ரீன்லதான் கை வைக்கறாங்க.

இப்ப சர்வீஸ். "வீட்டுக்கே வருவாங்க"ன்னு கடைக்காரர் சொன்னா அதோட விடக்கூடாது. முழு மாடல் நம்பரையும் உங்க பின்கோடையும் கம்பெனி கஸ்டமர் கேர்ல சொல்லி, ஆன்சைட் உண்டான்னு வாங்கறதுக்கு முன்னாடியே கேளுங்க. ஒரே சீரிஸ்ல ஒரு மாடலுக்கு ஆன்சைட், இன்னொண்ணுக்கு 'கேரி-இன்', அதாவது நாமளே சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிட்டுப் போறதுன்னு இருக்கும். 'அடுத்த வேலை நாள்'னு போட்டிருந்தாலும், போன்லயே செக் பண்ணி முடிச்சு, பார்ட் வந்ததுக்கப்புறம்தான் ஆள் வருவாரு. மதர்போர்டு ஸ்டாக் இல்லன்னா காத்திருக்கத்தான் வேணும். ஆனாலும் ஆடி 18-க்கு காலண்டர் மாதிரி ஆல்பம் போட்டு ஆர்டர் குவியற நேரத்துல, மெஷின மதுரையில குடுத்துட்டு ரெண்டு தடவை அலையறதுக்கு இது எவ்வளவோ மேல்.

கீல் உடையறது, தண்ணி கொட்டறது சாதாரண வாரண்டியில வராது. அதுக்கு ஆக்ஸிடென்டல் டேமேஜ் கவர் தனியா எடுக்கணும். பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருஷம்தான், நீங்க 3 வருஷம் நீட்டியிருந்தாலும்.

வாங்கின அன்னிக்கே அடியில இருக்கற சீரியல் நம்பர கம்பெனி சைட்ல போட்டு வாரண்டி தேதியப் பாருங்க. சில சமயம் டீலருக்கு அனுப்புன நாள்ல இருந்தே ஓடிட்டு இருக்கும், அப்படி இருந்தா பில்ல அனுப்பி மாத்தச் சொல்லணும். அப்புறம், சர்வீஸுக்குக் குடுக்கற முன்னாடி டிசைன் ஃபைல் எல்லாத்தையும் வெளி டிஸ்க்ல எடுத்து வச்சிருங்க. போர்டு, எஸ்எஸ்டி மாத்துவாங்க, உள்ள இருக்கற டேட்டாவுக்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பு ஏத்துக்காது.