டீன் மொரியார்ட்டி அந்த அபராதக் காசை ஏன் திருப்பிக் கொடுத்தான்?

வணக்கம் மக்களே. அல்சூர் ஏரிக்கரையிலிருந்து பேசறேன். நடுவுல ஹாரன் சத்தம் கேட்டா பொறுத்துக்குங்க.

பெங்களூர்ல உட்கார்ந்து தமிழ்ல பயண நாவல் எழுதறவங்களுக்கான வீடியோ இது. கால்ல சக்கரம் கட்டின, எதையும் நம்பி ஒப்படைக்க முடியாத ஒரு கூட்டாளியை எப்படி எழுதறது? அதைக் கத்துக்க அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெரோவாக்கோட 'ஆன் தி ரோட்' நாவல்ல வர்ற டீன் மொரியார்ட்டியைத்தான் எடுத்திருக்கேன். 1957-ல வந்த புத்தகம். நிஜத்துல நீல் காசடிங்கற நண்பரை வச்சு எழுதினது. அது தெரிஞ்சா போதும், அவர் வாழ்க்கையைத் துருவ வேண்டாம். நாவலுக்குள்ளயே எல்லாம் இருக்கு.

வாசிக்கும்போது பக்கத்துல ஒரு நோட்டு வச்சுக்குங்க. நடுவுல ஒரு கோடு. இந்தப் பக்கம் டீன் என்ன கொடுத்தான், அந்தப் பக்கம் யார் தலையில செலவு விழுந்தது.

இரண்டாம் பாகத்துல வேகமா ஓட்டினதுக்கு டீனுக்கு அபராதம் போடறாங்க. கட்டறது கதை சொல்ற சாலோட அத்தை. திருப்பித் தர்றேன்னு டீன் சொல்றான். அங்கேயே கெரோவாக் இன்னொண்ணும் சொல்லிடறார்: ஒன்றரை வருஷம் கழிச்சு அவன் நிஜமாவே கொடுத்துட்டான், அத்தைக்கே ஆச்சரியம். அந்த இடம் எவ்வளவு நுட்பம் பாருங்க! இதுக்கப்புறம், அதே பாகத்துல, சான் பிரான்சிஸ்கோ தெருவுல சால், தன்னோட முதல் மனைவி மேரிலூ ரெண்டு பேரையும் கையில காசில்லாம இறக்கிவிட்டுட்டு டீன் ரெண்டாவது மனைவி கமீல் வீட்டுக்குப் போயிடறான். அப்பவும் நம்மால அவனை முழுசா கைகழுவ முடியல. அந்தச் சின்னக் கடன் அடைஞ்சது மனசுல கிடக்கு. எழுதறவங்க பெரும்பாலும் சறுக்கறது இங்கதான். கூட்டாளியை எல்லா இடத்துலயும் ஏமாத்த விடறாங்க, அம்பதாவது பக்கத்துல வாசகர் அவனை விட்டுடறார். சின்ன விஷயம் ஒண்ணுல, ஒரே ஒரு தடவை, அவன் சொன்ன சொல்லைக் காப்பாத்தணும்.

மூணாம் பாகத்துல காடிலாக் கார். வேற ஒருத்தரோட வண்டி, டென்வர்லேர்ந்து சிகாகோ கொண்டுபோய் ஒப்படைக்கணும். வழியில நின்ன நேரம் போக 1,180 மைல், 17 மணி நேரம். மணிக்குச் சராசரி 70 மைல். கெரோவாக் "காத்தாப் பறந்தான்"னு விட்டுடல, கணக்குப் போட்டுக் காட்டறார். போய்ச் சேரும்போது வண்டி அடிபட்டுக் கிடக்கு. வேகம் டீனோடது, சேதம் முதலாளியோடது. அதே பாகத்துல அவன் கட்டைவிரல்ல கட்டு. மேரிலூவை அடிச்சதுல உடைஞ்ச விரல், சீழ் பிடிச்சுப் போச்சு. பெண்கள் பட்ட பாட்டை நோட்டுல கண்டிப்பா எழுதுங்க. அதை விட்டுட்டு டீனை நாயகன்னு கொண்டாடறது பாதி வாசிப்புதான்.

நாலாவது பாகம், மெக்சிகோ சிட்டி. சால் வயித்துக்கடுப்புல, காய்ச்சல்ல கிடக்கறப்போ டீன் கிளம்பிடறான்.

இதை நம்ம ஊருக்குக் கொண்டு வாங்க. ரெண்டு பேர் வாடகைக் கார்ல சில்க் போர்டு தாண்டி ஓசூர், கிருஷ்ணகிரி வழியா சேலம் போறாங்க. எழுத உட்காரும் முன்னாடி அஞ்சு விஷயம் முடிவு பண்ணுங்க: கார் யார் பேர்ல, முன்பணம் யாரோடது, பாஸ்டேக்ல யார் காசு, பெட்ரோல் யார் போட்டது, பம்பர்ல கீறல் விழுந்தா யாருக்கு போன் வரும். அஞ்சுக்கும் பதில் கதை சொல்றவனா இருக்கட்டும். ஆனா அவன் வாயால ஒரு முறைகூட கூட்டிச் சொல்லக் கூடாது. அத்திப்பள்ளி டோல்ல இருப்பு குறைஞ்சு தடுப்பு தூக்காம நிக்கட்டும். கூட்டாளி அந்நேரம் இறங்கிப்போய் டீ வாங்கிட்டு வரட்டும், தன் காசுல. அந்த டீதான் அத்தைக்கு வந்த அபராதக் காசு.

அஞ்சாம் பாகம் சில பக்கம்தான். நியூயார்க் குளிர், பூச்சி அரிச்ச ஓவர்கோட்டு, டீன் தனியா நிக்கறான். சால், ஜாஸ் இசைக் கலைஞர் டியூக் எலிங்டன் கச்சேரிக்குப் போற காடிலாக்ல பின்சீட்டுல உட்கார்ந்திருக்கான். கொஞ்ச தூரம் ஏத்திட்டுப் போங்கன்னு கேட்டும் வண்டிக்காரங்க மாட்டேங்கறாங்க. சால் கை மட்டும் ஆட்டறான். இந்த முறை விட்டுட்டுப் போறது சால், நோட்டுல அவன் பேர் செலவுப் பக்கத்துலேர்ந்து எதிர்ப்பக்கம் போகுது. உங்க நாவல்ல அது எந்தப் பக்கத்துல நடக்கும்னு இப்பவே குறிச்சு வச்சுக்குங்க.