26 மணி நேரத்துக்கு யார் பணம் தருவது?

அவையோருக்கு வணக்கம்.

மருத்துவமனையில் குழந்தைகளுக்கான எடைப் பராமரிப்புத் திட்டத்தைத் தொடங்குவது அவ்வளவு கடினமல்ல. ஏதாவது ஒரு மானியம் கிடைத்துவிடும்; ஆர்வமுள்ள இளம் மருத்துவர்களும் கிடைப்பார்கள். மானியம் தீர்ந்த மறுமாதம் என்ன ஆகிறது என்பதைத்தான் இன்று பேச விரும்புகிறேன். நல்ல திட்டங்கள் பலவும் அந்த மாதத்தைத் தாண்டுவதில்லை.

2022-ல் உலகில் 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் 39 கோடிக்கும் மேற்பட்டோர் அதிக எடையுடன் இருந்தார்கள், அவர்களில் 16 கோடிப் பேருக்கு உடல் பருமன் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எது பலன் தரும் என்பதும் தெரிந்ததுதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2023 வழிகாட்டுதல், 3 முதல் 12 மாதங்களுக்குள் குறைந்தது 26 மணி நேரமாவது குழந்தையோடும் குடும்பத்தோடும் நேருக்கு நேர் அமர்ந்து வேலை செய்யச் சொல்கிறது.

அந்த நேரத்தில் குழந்தையோடு இருப்பவர் யார்? ஒரு மாலை அமர்வைப் பாருங்கள். எடை பார்க்கும் கருவியில் ஏறச் சிறுவன் தயங்குகிறான். உணவியல் நிபுணர் அவசரப்படுத்தாமல், எண் அவன் கண்ணில் படாதபடி கருவியைத் திருப்பி வைக்கிறார். பிறகு தாயிடம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் நேரம் எது, பையன் எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று கேட்டு, அந்த வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றத்தை மூவருமாக முடிவு செய்கிறார்கள். ஒரு மணி நேரம் போய்விடுகிறது. இனி பில் போடும் மேசைக்கு வாருங்கள். மருத்துவர் எட்டிப் பார்த்த பத்து நிமிடத்துக்குக் கட்டணக் குறியீடு இருக்கிறது. உணவியல் நிபுணரின் ஒரு மணி நேரத்துக்குப் பல காப்பீட்டுத் திட்டங்களில் எதுவும் கிடையாது. அல்லது சர்க்கரை நோய் வந்த பிறகுதான் உண்டு. நோய் முற்றக் காத்திருக்கும் இந்த விதியை என்னால் ஏற்க முடியவில்லை.

குடும்பங்களைக் குழுவாக அமர்த்தினால் செலவு குறையும். ஆனால் ஒரு மருத்துவர், ஒரு நோயாளி என்ற கணக்கில் எழுதப்பட்ட விதிகளில் குழு அமர்வுக்கு இடம் தேடுவதே பெரும்பாடு. வராமல் போகும் குடும்பங்களால் வரும் இழப்பு வேறு. அழைத்து நினைவூட்டி, வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஏற்ப நேரத்தை மாற்றித் தரும் ஒருங்கிணைப்பாளர்தான் திட்டத்தைத் தாங்குகிறார். செலவைக் குறைக்கும்போது முதலில் வேலை இழப்பவரும் அவரே.

சட்டம் மட்டும் போதாது என்பதற்கும் அமெரிக்காவே சாட்சி. எந்தத் தடுப்புச் சிகிச்சை பலன் தரும் என்று ஆராய்ந்து தரம் கொடுக்கும் அங்குள்ள தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2024-ல் 6 வயது முதல் இந்தச் சிகிச்சைக்கு 'பி' தரப் பரிந்துரை அளித்தது. அந்தத் தரம் இருந்தால், சட்டப்படி பெரும்பாலான தனியார் காப்பீடுகள் சிகிச்சைச் செலவில் ஒரு பங்கைக் குடும்பத்திடம் வாங்கக் கூடாது. குடும்பத்தின் சுமை குறைகிறது, சரி. மருத்துவமனைக்கு எவ்வளவு, யாருடைய உழைப்புக்கு என்பதை அந்தத் தரம் தீர்மானிப்பதில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "இதனால் செலவு மிச்சமாகும்" என்று நிர்வாகத்திடம் வாக்குக் கொடுப்பதை நாம் நிறுத்த வேண்டும். மிச்சம் வந்தாலும் பல ஆண்டுகள் கழித்து, வேறொருவர் கணக்கில்தான் வரும். ஆஸ்துமாக் குழந்தைக்கு மருந்து கொடுக்கும்போது லாபம் உண்டா என்று யாரும் கேட்பதில்லையே!

என் கோரிக்கை இதுதான். ஒரு குழந்தைக்கு 26 மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரே தொகுப்புக் கட்டணம் வேண்டும். அதில் உணவியல் நிபுணர், மனநல ஆலோசகர், ஒருங்கிணைப்பாளர் ஆகியோரின் சம்பளம் அடங்க வேண்டும். குடும்பம் தொடர்ந்து வருவதைப் பார்த்து அந்தப் பணம் தரப்பட வேண்டும். எத்தனை கிலோ குறைந்தது என்பதைப் பார்த்து அல்ல. கிலோவுக்குக் காசு என்றால், எளிதில் எடை குறையும் குழந்தைகளை மட்டும் சேர்த்துக்கொண்டு மற்றவர்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கிவிடுவோம். அந்தத் தொகை எவ்வளவு என்பதை மானியத்தின் முதல் ஆண்டிலேயே நிமிடக் கணக்காகக் குறித்து வையுங்கள். மானியம் கையில் இருக்கும்போதே அந்தக் கணக்கோடு காப்பீட்டாரிடமும் அரசிடமும் போய் உட்காருங்கள்.